டிரேடிங் கார்டு கேமில் பிளஃப்: சந்தேகப்பட்டால் எவ்வளவு அபராதம் வைப்பது?

கவிழ்சீட்டு

வணக்கம். இருவர் ஆடும் டிரேடிங் கார்டு கேம் (ஆளுக்கொரு சீட்டுக்கட்டைத் தானே கட்டிக்கொண்டு வந்து ஆடுவது) ஒன்றுக்கு விதி எழுதிக்கொண்டிருக்கிறேன். அடிப்படை ஆட்டம் நன்றாக ஓடுகிறது. பிளஃப் (பொய் சொல்லி ஏமாற்றுவது) சேர்த்த இடத்தில்தான் முட்டுகிறது.

டெக் (ஒருவரின் சீட்டுக்கட்டு) 40 கார்டு, ஒரே கார்டு அதிகபட்சம் 3 பிரதி. ஆளுக்கு 20 உயிர். தொடக்கக் கை 5, டர்னுக்கு ஒரு கார்டு எடுக்கலாம், எனர்ஜி (கார்டு ஆடக் கொடுக்கும் விலை) டர்னுக்கு ஒன்று கூடும். சாதாரணமாக 2 எனர்ஜி கார்டு ஒன்று ஏறத்தாழ 2 சேதம் செய்யும்.

பிளஃப் விதி இதுதான். 2 எனர்ஜி கொடுத்து, கையிலிருக்கும் எந்தக் கார்டையும் கவிழ்த்து வைத்து, ஏதாவது ஒரு கார்டின் பெயரை அறிவிக்கலாம். எதிராளி "சரி" என்றால் அறிவித்த கார்டின் வேலை நடக்கும்; கவிழ்த்த கார்டு முகம் காட்டாமலே கழிவுக்குப் போகும். "சந்தேகம்" என்றால் திருப்பிக் காட்ட வேண்டும். பொய்யென்றால் வேலை நடக்காது, கார்டு கழிவுக்கு. உண்மையென்றால் வேலை நடக்கும், கூடவே சந்தேகப்பட்டவர் உயிர் இழப்பார். அதிகம் அறிவிக்கப்படும் கார்டு 'கொள்ளி', 4 சேதம்.

சந்தேகப்பட்டவரின் அபராதத்தை 1 என்று வைத்தால் எல்லா அறிவிப்புக்கும் "சந்தேகம்" வருகிறது. பிறகு யாரும் பொய் சொல்வதில்லை, விதியே செத்துவிடுகிறது. 5 என்று வைத்தால் யாரும் வாயைத் திறப்பதில்லை. 3 வைத்தால் ஆடுகிறவர்களைப் பொறுத்து ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி.

சரியான எண்ணைக் கணக்குப் போட்டு எடுக்க வழி உண்டா? அடுத்தது, எந்தக் கார்டின் பெயரையும் சொல்லலாம் என்பதால் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கவிழ்ந்தபடியே கழிவுக்குப் போன கார்டுகளை என்ன செய்வது என்பதும் புரியவில்லை. ஆன்லைன் பதிப்பும் பின்னால் வரும். அதற்கு இப்போதே கவனிக்க வேண்டியது இருந்தால் சொல்லுங்கள்.

ஒன்பதாம்பலகை

கணக்குப் போடலாம். போட்டால் முதலில் தெரிவது, நீங்கள் தவறான திருகைத் திருகிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான்.

நான்கு எண்கள் போதும். எல்லாவற்றையும் உயிர்ப் புள்ளியாக எண்ணுவோம். அறிவிப்பு நடந்தால் கிடைப்பது 'பலன்': கொள்ளிக்கு 4. அந்த 2 எனர்ஜியை நேர்மையாகச் செலவழித்திருந்தால் கிடைத்திருக்கும் சேதம் 'செலவு': 2. உண்மையைச் சந்தேகித்தவர் இழப்பது 'சந்தேக அபராதம்'. பொய் பிடிபட்டவர் கூடுதலாக இழப்பது 'பொய் அபராதம்': உங்கள் விதியில் இது 0.

எதிராளிக்குச் சந்தேகப்படுவதும் விட்டுவிடுவதும் ஒன்றே என்றாகும் பொய் விகிதம்:

சந்தேக அபராதம் ÷ (பலன் + பொய் அபராதம் + சந்தேக அபராதம்)

அறிவிப்பவருக்குப் பொய் சொல்வதும் சும்மா இருப்பதும் ஒன்றே என்றாகும் சந்தேக விகிதம்:

(பலன் − செலவு) ÷ (பலன் + பொய் அபராதம்)

இரண்டாவது சூத்திரத்தை இன்னொரு தடவை பாருங்கள். அதில் சந்தேக அபராதமே இல்லை. எத்தனை முறை "சந்தேகம்" வரும் என்பதை மாற்ற நீங்கள் திருகும் எண், நாளடைவில் அதை மாற்றவே மாற்றாது. பொய்யின் அளவைத்தான் மாற்றும். அபராதம் 1 என்றால் அறிவிப்புகளில் ஐந்தில் ஒன்றுதான் பொய்யாக இருக்க முடியும். 5 என்றால் ஒன்பதில் ஐந்து. இரண்டிலும் நிலைபெற்ற ஆட்டத்தில் சந்தேகம் பாதிக்குப் பாதிதான் வரும். 5 வைத்தபோது உங்கள் ஆட்கள் வாயடைத்துப்போனது முதல் சில ஆட்டங்களின் பயம். பயப்படுகிற எதிராளியிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம் என்று யாராவது கண்டுபிடித்ததும் பொய் பெருகும், சந்தேகமும் திரும்பி வரும். அதற்குள் நீங்கள் எண்ணை மாற்றிவிடுகிறீர்கள்.

சந்தேகத்தைக் குறைக்க வேண்டுமானால் பொய் அபராதத்தை ஏற்றுங்கள். என் பரிந்துரை: சந்தேக அபராதம் 3, பொய் அபராதம் 2. இரண்டு விகிதமும் மூன்றில் ஒன்றாகிவிடும். ஒன்பது அறிவிப்பில் மூன்று பொய், ஆறு உண்மை என்று வையுங்கள். எல்லாவற்றையும் சந்தேகிக்கிறவர் மூன்று பொய்யில் ஒவ்வொன்றுக்கும் 4 சேதத்தைத் தவிர்த்து எதிராளிக்கு 2 இழப்பும் தருகிறார்: 18. ஆறு உண்மையில் மும்மூன்றாக இழப்பதும் 18. பொய்யரின் பக்கம்: மூன்று பொய்யில் இரண்டு ஓடினால் 8, ஒன்று பிடிபட்டால் −2, மூன்றுக்கும் செலவு 6. மீதி பூஜ்யம்.

போக்கரில் இந்தக் கணக்கு பழையது. கணிதவியலாளர் ஹெரால்ட் கூன் 1950இல் ஆராய்ந்த, மொத்தமே மூன்று சீட்டு உள்ள எளிய போக்கரிலும் இதே அமைப்பு வரும்: முதலில் ஆடுபவர் சிறிய சீட்டில் எவ்வளவு அடிக்கடி பந்தயம் கட்டுகிறாரோ, பெரிய சீட்டில் அதைப்போல் சரியாக மூன்று மடங்கு கட்ட வேண்டும். அதாவது பந்தயங்களில் நாலில் ஒன்று பாவ்லா.

ஆனால் போக்கரில் கட்டில் என்னென்ன சீட்டு இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். டிரேடிங் கார்டு கேமில் எதிராளியின் டெக்கில் கொள்ளி மூன்றா, ஒன்றா, அறவே இல்லையா என்று தெரியாது. மூன்றாவது டர்னில் 8 கார்டு பார்த்திருப்பார். 3 பிரதி இருந்தால் அதற்குள் ஒன்றாவது வந்திருக்க 50% வாய்ப்பு. 2 பிரதி என்றால் 36%. ஒரே பிரதி என்றால் 20%. மூன்றில் ஒன்று பொய் என்ற அளவு வர, 3 பிரதி வைத்திருப்பவர் கொள்ளி கையில் இல்லாத வேளைகளில் பாதியில் பொய் சொல்லலாம். ஒரே பிரதி வைத்திருப்பவர் எட்டில் ஒரு வேளைதான் சொல்லலாம். இதை ஊகிக்க எதிராளிக்கு ஒரு துப்பும் இல்லாவிட்டால் அவர் காசு சுண்டிப்போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பிளஃப் அங்கே சூதாட்டமாகிவிடும்.

சிவப்புஸ்லீவ்

கணக்கு சரி. ஆனா பெயரைச் சொல்ற விதியை வச்சுக்கிட்டு எந்த எண்ணைப் போட்டாலும் நிக்காதுங்க. முதல் செட்டுல (ஒரே தடவையா வெளியிடுற கார்டு தொகுப்பு) 120 கார்டுன்னா பரவாயில்லை. நாலாவது செட் வரும்போது எதிராளி சொல்ற பெயரே என்னன்னு கேக்க வேண்டி வரும். மொழி மாறி அச்சான கார்டு வந்தா இன்னும் குழப்பம்.

பெயருக்குப் பதில் குறி வைங்க. மூணு போதும்: நெருப்பு, கவசம், பொறி. குறி கார்டு மூலையில சின்னப் படமா இருக்கட்டும். அறிவிக்கிறது குறியை மட்டும். நடக்கிற வேலை கார்டுல எழுதியிருக்கிறது இல்ல, குறிக்குன்னு பொதுவா வச்ச வேலை. நெருப்புன்னா 4 சேதம், யார் சொன்னாலும் 4 தான். மூணு வேலையும் ஒரே குறிப்பு அட்டையில அடங்கிடும். புது செட் வந்தாலும் இந்த அட்டை மாறாது. மூணோட பலனும் 4 பக்கத்துலயே இருக்கணும், இல்லன்னா மேல போட்ட கணக்கு ஒவ்வொரு குறிக்கும் வேறயாயிடும்.

இன்னொண்ணு: உண்மைக்கும் பொய்க்கும் வாசல் ஒண்ணாவே இருக்கணும். நீங்க ரெண்டுக்கும் 2 எனர்ஜி வச்சிருக்கீங்க, அதை மாத்திடாதீங்க. ஹார்த்ஸ்டோன்ங்கிற ஆன்லைன் கார்டு கேம்ல சீக்ரெட் கார்டு (எதிராளிக்கு எதுன்னு தெரியாம வைக்கிறது) விலை மேஜ் வகுப்புக்கு எல்லாமே 3, ஹன்ட்டருக்கு 2, பலடினுக்கு 1. ஒரே வகுப்புக்குள்ள விலை மாறினா விலையே எந்தக் கார்டுன்னு காட்டிக்கொடுத்துடும். மேஜிக்ங்கிற கார்டு கேம்ல 2002 ஆன்ஸ்லாட் செட்டுல வந்த மார்ஃபும் (கார்டைக் கவிழ்த்து வச்சு, பிறகு விலை கொடுத்துத் திருப்புறது) அப்படித்தான்: கவிழ்த்து வைக்க எல்லாத்துக்கும் 3 மானா (அங்க எனர்ஜி மாதிரி), எல்லாமே 2/2, அதாவது அடிக்கிறது 2, தாங்குறது 2. 2014 கான்ஸ் ஆஃப் தார்கிர்ல இன்னொரு கட்டுப்பாடும் போட்டாங்க. 5 மானாவுக்குக் குறைஞ்சு திருப்புற மார்ஃப் எதுவும் இன்னொரு கவிழ்ந்த 2/2வைக் கொன்னுட்டு தான் பிழைக்கக் கூடாது. அதனால நாலாவது டர்ன் வரைக்கும் கவிழ்ந்த கார்டு ரெண்டு மோதினா பயப்பட வேண்டியது இல்லன்னு ஆடுறவங்களுக்குத் தெரியும். எந்த நேரத்துல பயப்படணும்னு தெரிஞ்சாத்தான் பாவ்லா எடுபடும். எப்பவும் எதுவும் நடக்கலாம்னா எதிராளி யோசிக்கிறதையே நிறுத்திடுவார்.

டெக்குல என்ன இருக்குன்னு தெரியாத சிக்கலுக்கு நெட்ரன்னர்ங்கிற கார்டு கேம் காட்டின வழி பிரமாதம். கார்ப் (நிறுவனமா ஆடுறவர்) பக்கம் 45 கார்டு டெக் கட்டினா அஜெண்டா (ஜெயிக்கப் புள்ளி தர்ற கார்டு) புள்ளி 20 இல்லன்னா 21 இருந்தே ஆகணும்னு விதி. எதிராளி உங்க டெக்கைப் பாக்க வேண்டியதே இல்ல, எவ்வளவு உண்மை அதுக்குள்ள இருக்குன்னு விதியே சொல்லிடுது. நீங்களும் குறிக்கு இத்தனை கார்டு கட்டாயம்னு போடுங்க.

குறி ஒவ்வொண்ணும் சுலபமா கிடைக்கிற சாதாரண ரேரிட்டி கார்டுலயும் இருக்கட்டும். அரிய கார்டுல மட்டும் நெருப்பு இருந்தா, அதை வாங்காத ஆள் நெருப்புன்னு சொன்னாலே பொய்னு தெரிஞ்சிடும்.

அடுத்தது உங்க விதியில இருக்கிற பெரிய ஓட்டை. அபராதம் உயிர்ல இருக்கு. எதிராளிக்கு 4 உயிர் மிச்சம்னு வைங்க, நான் நெருப்புன்னு அறிவிக்கிறேன். "சரி"ன்னா அவர் அவுட். சந்தேகப்பட்டா, உண்மைன்னாலும் அவுட், பொய்யா இருந்தா பிழைச்சார். சாகப்போறவருக்குச் சந்தேகப்பட என்ன செலவு? அப்போ ஆட்டத்தை முடிக்கிற பொய்யை யாரும் சொல்ல மாட்டாங்க. இப்போ கவசம் அறிவிச்சா தலைகீழ்: 3 உயிர்ல இருக்கிறவர் சந்தேகப்பட்டுத் தப்பாப் போனா அபராதத்துலயே செத்துடுவார், அதனால வாயே திறக்க மாட்டார், நான் சொல்றதெல்லாம் ஓடும். ஆட்டம் சூடு பிடிக்கிற கடைசி நாலு டர்ன்லதான் பிளஃப் சரியா வேலை செய்யணும், அங்கதான் உடையுது.

மருந்து ரெண்டு. அறிவிப்பால எதிராளி உயிர் 1க்குக் கீழ போகாதுன்னு எழுதுங்க. கடைசி அடி நேர்மையான கார்டுல இருந்துதான் வரணும். அபராதத்தை உயிர்ல இருந்து கார்டுக்கு மாத்துங்க: உண்மையைச் சந்தேகிச்சா அறிவிச்சவர் 2 கார்டு எடுக்கிறார், பொய் பிடிபட்டா சந்தேகப்பட்டவர் 1 கார்டு எடுக்கிறார். கார்டோட மதிப்பு 20 உயிர்லயும் 3 உயிர்லயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஒன்பதாம்பலகை

உயிர் பற்றிய ஓட்டையை நான் விட்டுவிட்டேன். என் சூத்திரம் ஓர் உயிருக்கு எப்போதும் ஒரே மதிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. கடைசி உயிருக்கு அது பொருந்தாது. சிவப்புஸ்லீவ் சொன்ன திருத்தம் சரி.

உங்கள் ஆட்டத்தில் ஒரு கார்டு ஒன்றரை உயிர் பெறும் என்று வைத்தால், சந்தேக அபராதம் 2 கார்டு என்பது 3. பொய் அபராதம் 1 கார்டு என்பது 1.5. பொய் 35%, சந்தேகம் 36%. முன்பு சொன்ன மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை. குறி என்று மாற்றியதும் பெரும்பாலோர் செய்யும் தவறு, டெக்கில் பத்துப் பன்னிரண்டு கார்டுக்கு ஒரே குறியைப் போட்டுவிடுவது. 40இல் 10 நெருப்பு இருந்தால் மூன்றாவது டர்னுக்குள் ஒன்றாவது வந்திருக்க 92% வாய்ப்பு. எப்போதும் உண்மை கையில் இருக்கும். பொய்க்கு இடமே இல்லை. 4 என்றால் 61%, 3 என்றால் 50%. ஆகவே கட்டாயத்துக்குக் கீழ் வரம்பு மட்டும் போதாது, மேல் வரம்பும் வேண்டும்: ஒரு குறிக்குக் குறைந்தது 3, அதிகம் 4. மீதிக் கார்டுகளில் குறியே இருக்கக் கூடாது. இதில் குறைந்தது 28 கார்டு குறியில்லாதவை, பொய் சொல்ல அவை எப்போதும் கையில் இருக்கும்.

எந்தக் கார்டை வைத்துப் பொய் சொல்வது என்பதை டெக் கட்டும்போதே முடிவு செய்வது நல்லது. ஏழாவது டர்னுக்குப் பிறகே பயன்படும் விலை கூடிய கார்டு மூன்றாவது டர்னில் கையில் சும்மா கிடக்கும். பொய்க்கு அதுதான் பொருத்தம். "இந்த இரண்டு கார்டில் ஒன்று கையில் இருந்தால் பொய், இல்லாவிட்டால் இல்லை" என்று வைத்துக்கொண்டால் பொய்யின் அளவு தானாகவே கட்டுக்குள் நிற்கும், முகபாவத்திலும் தடுமாற்றம் தெரியாது.

மேசைநடுவர்

விதியின் கருத்து தெளிவாகிவிட்டது. மேசையில் அது உடையும் இடங்களைச் சொல்கிறேன். பிளஃப் விதிகளில் தகராறு வருவது பெரும்பாலும் எண்ணால் அல்ல, வரிசையால்.

கார்டு முதலில் மேசையைத் தொட வேண்டும், பிறகு குறியைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுக் கார்டைத் தேடினால் எதிராளியின் முகத்தைப் பார்த்துக் கார்டை மாற்றலாம். கையை விட்ட கார்டு திரும்பக் கைக்கு வராது. பதில் இரண்டே சொல்: "சரி", "சந்தேகம்". "ம்", "பார்க்கலாம்", தலையசைப்பு எதுவும் பதில் ஆகாது. "சரி" என்ற சொல் வரும் முன் அறிவித்தவர் அந்த வேலையைச் செய்யத் தொடங்கினால் அது செல்லாது, மறுபடி கேட்க வேண்டும். இதை விதிப் புத்தகத்தில் எழுதாவிட்டால், அரைகுறையாக "ச..." என்று இழுத்து எதிராளியின் கை கார்டை நோக்கி நகர்கிறதா என்று பார்ப்பவர்கள் வருவார்கள்.

எதில் பொய் சொல்லலாம் என்ற எல்லையை ஒரே வரியில் வரைந்துவிடுங்கள்: கவிழ்த்த கார்டின் குறியிலும் கையில் இருப்பவற்றிலும் மட்டும். உயிர், எனர்ஜி, கையில் எத்தனை கார்டு, கழிவில் திறந்து கிடப்பது ஆகியவற்றைக் கேட்டால் உண்மையே சொல்ல வேண்டும். மேஜிக் போட்டி விதிகளிலும் இந்தப் பிரிவு உண்டு. மறைந்திருக்கும் தகவலில் ஏமாற்றலாம், உயிர் எண்ணிக்கை போன்ற பொதுத் தகவலைப் பொய்யாகச் சொன்னால் தண்டனை. உங்கள் ஆட்டத்தின் அடிப்படையே பொய் என்றாகும்போது இந்தக் கோடு இன்னும் அழுத்தமாக வேண்டும்.

கவிழ்ந்த கார்டின் சோதனை: மார்ஃபில் கார்டு களத்தை விட்டுப் போகும்போதும் ஆட்டம் முடியும்போதும் முகம் காட்டியாக வேண்டும், ஏனென்றால் மார்ஃப் இல்லாத கார்டை அப்படி ஆடுவது விதிமீறல். உங்கள் விதியில் எந்தக் கார்டையும் கவிழ்க்கலாம். விதிமீறலுக்கு இடமே இல்லை, ஆகவே நடுவர் சோதிக்கவும் ஒன்றுமில்லை. இந்த எளிமையைக் காப்பாற்றுங்கள். "இன்ன கார்டைக் கவிழ்க்கக் கூடாது" என்று ஒரே ஒரு விலக்கு சேர்த்தாலும் ஒவ்வோர் ஆட்ட முடிவிலும் எல்லாவற்றையும் திறந்து காட்டச் சொல்ல வேண்டிவரும்.

ஸ்லீவ் (கார்டுக்குப் போடும் உறை): பின்புறம் ஒளி புகாத ஸ்லீவைக் கட்டாயமாக்குங்கள். 63×88 மில்லிமீட்டர் கார்டுக்கு 66×91 அளவு ஸ்லீவ் சரியாக இருக்கும். பளபளப்பாக அச்சான ஃபாயில் கார்டு ஈரப்பதத்தில் வளையும். கவிழ்த்து வைத்தால் நடுவில் தூக்கிக்கொண்டோ ஓரம் எழும்பியோ நிற்கும், எதிராளிக்கு அது ஃபாயில் என்று தெரிந்துவிடும். அந்த டெக்கில் ஃபாயிலாக இருப்பது நெருப்பு மட்டும் என்றால் அது ஏமாற்றுவதற்காக அடையாளம் போட்ட கார்டுக்குச் சமம். ஃபாயில் போட்டால் குறி உள்ளதிலும் இல்லாததிலும் கலந்து போட வேண்டும், அல்லது போடவே வேண்டாம்.

ஆன்லைனுக்கு மூன்று சொல்கிறேன். கவிழ்த்த கார்டு எது என்ற தகவலை எதிராளியின் கருவிக்கு அனுப்பவே கூடாது. சர்வர் வெறும் எண் ஒன்றை அனுப்பட்டும், திருப்பும்போது மட்டும் முகத்தை அனுப்பட்டும். திரையில் காட்டாமல் மறைத்தால் போதும் என்று விட்டால் தரவைப் பிரித்துப் படிப்பவர் ஒரு வாரத்தில் கண்டுபிடிப்பார். குறி தேர்வு செய்யும் திரையில் உண்மையான குறியை முன்கூட்டியே தேர்ந்து வைக்காதீர்கள்; உண்மைக்கு ஒரு தட்டு, பொய்க்கு இரண்டு தட்டு என்றால் நேர வித்தியாசமே காட்டிக்கொடுக்கும். அறிவிப்பு எதிராளிக்குப் போய்ச் சேர, வைத்தது முதல் எப்போதும் ஒரே இடைவெளி, சொல்லப்போனால் 4 வினாடி, இருக்கட்டும்.

கவிழ்சீட்டு

எல்லாருக்கும் நன்றி. சந்தேக அபராதத்தை மாற்றினால் பொய்தான் மாறும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. "சரி" என்று ஓடிவிட்ட கார்டைப் பிறகு காட்டலாமா, கடைசிவரை மறைக்கலாமா? கழிவிலிருந்து கார்டை மீட்கும் வேலை என் ஆட்டத்தில் உண்டு, அதனால் இதை முடிவு செய்தே ஆக வேண்டும்.

சிவப்புஸ்லீவ்

காட்டுங்க. அறிவிச்சவரோட அடுத்த டர்ன் தொடக்கத்துல திருப்பிக் கழிவுல போடட்டும். எதிராளி கத்துக்க வேற வழி இல்ல. மறைச்சே வச்சா ஏமாந்தோமான்னே தெரியாது, அடுத்த தடவை எதை வச்சு முடிவெடுப்பார்? பொய் ஓடினது தெரியுற அந்த நொடிதான் இந்த விதியோட ருசியே. கழிவு மீட்பும் சிக்கலில்லாம நடக்கும்.

ஒன்பதாம்பலகை

நான் மாறுபடுகிறேன். குறிக்கு 3 அல்லது 4 கார்டுதான். ஒவ்வோர் உண்மையும் திறந்து கிடந்தால் நான்கு நெருப்பு கழிவில் விழுந்தபின் அடுத்த நெருப்பு அறிவிப்பு நிச்சயப் பொய். மூன்று விழுந்தாலே ஏறக்குறைய நிச்சயம். நீண்ட ஆட்டத்தில் பிளஃப் தானாக வற்றிவிடும். போக்கரில் எதிராளி ஒதுங்கிவிட்டால் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. கவிழ்ந்ததற்கென்று தனிக் குவியல் வையுங்கள், மீட்பு வேலை அதைத் தொடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

சிவப்புஸ்லீவ்

வற்றட்டுமே. ஆட்டம் பத்து டர்ன்தான், ஒரே குறியில நாலு உண்மை விழுறதுக்குள்ள முடிஞ்சிடும். விழுந்ததை எண்ணி வச்சுக்கிற ஆளுக்கு அந்தப் பலன் கிடைக்கிறது நியாயம்தான். எண்ண ஒண்ணுமே இல்லாத ஆட்டத்துல டெக் கட்டாயத்தை மட்டும் வச்சு எத்தனை நேரம் யோசிப்பாங்க?

மேசைநடுவர்

இரண்டும் ஆடத்தக்க விதிதான். நடைமுறையில் ஒரு வேறுபாடு: தனிக் குவியல் என்றால் அதில் உள்ளதை உரியவர் பார்க்கலாமா, வரிசை மாற்றலாமா, எத்தனை என்று கேட்கலாமா என்று மூன்று கேள்விகள் கூடுதலாக வரும். அடுத்த டர்னில் காட்டுவது என்றால் ஒரு கேள்விதான்: காட்ட மறந்தால்? "நினைவு வந்தவுடன் காட்ட வேண்டும், எதிராளியும் கேட்கலாம்" என்று எழுதிவிடலாம்.

கவிழ்சீட்டு

காட்டுவதையே எடுத்துக்கொள்கிறேன். விதியை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்:

"டெக்கில் நெருப்பு, கவசம், பொறி ஒவ்வொன்றிலும் குறைந்தது 3 கார்டு, அதிகம் 4 கார்டு இருக்க வேண்டும். உன் டர்னில் ஒரு முறை, 2 எனர்ஜி கொடுத்து, கையிலிருந்து ஏதேனும் ஒரு கார்டைக் கவிழ்த்து வைத்து ஒரு குறியை அறிவிக்கலாம். எதிராளி 'சரி' என்றால் அந்தக் குறியின் வேலை நடக்கும். 'சந்தேகம்' என்றால் கார்டைத் திருப்பு. குறி பொருந்தினால் வேலை நடக்கும், நீ 2 கார்டு எடு. பொருந்தாவிட்டால் வேலை நடக்காது, எதிராளி 1 கார்டு எடுப்பார். திருப்பிய கார்டு கழிவுக்குப் போகும். திருப்பாத கார்டை உன் அடுத்த டர்ன் தொடக்கத்தில் திருப்பிக் கழிவில் போடு. அறிவிப்பால் யாருடைய உயிரும் 1க்குக் கீழே போகாது."

டர்னுக்கு ஒரு முறை என்று போட்டது, ஆறு எனர்ஜி வந்ததும் மூன்று அறிவிப்பு ஒரே டர்னில் வந்து எதிராளி கணக்கை விட்டுவிடுவதால்.

ஒன்பதாம்பலகை

நன்றாக இருக்கிறது. ஆடிப் பார்க்கும்போது ஒவ்வோர் அறிவிப்புக்கும் நான்கு மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனையாவது டர்ன், எந்தக் குறி, உண்மையா பொய்யா, சந்தேகம் வந்ததா. 30 அறிவிப்பு பார்த்துவிட்டு எண்ணை மாற்றாதீர்கள். உண்மையான அளவு 33% ஆக இருந்தாலும் 30இல் 16 முதல் 50% வரை எது வேண்டுமானாலும் தெரியலாம். 100 ஆனால் அந்த இடைவெளி 24 முதல் 42 வரை சுருங்கும். முதல் ஐந்து ஆட்டங்களின் குறிப்பைத் தனியாக வைத்துவிடுங்கள், அது பழகும் காலம். பிறகு சந்தேகம் பாதிக்கு மேல் நின்றால் பொய் அபராதத்தை 2 கார்டாக்கிப் பாருங்கள். பொய் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இருந்தால் சந்தேக அபராதத்தை 3 கார்டாக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொட வேண்டாம்.

மேசைநடுவர்

விதியில் ஒரு சிறு திருத்தம். "குறி பொருந்தினால்" என்பதற்கு முன் "அறிவித்த" என்று சேருங்கள். நெருப்பு என்று சொல்லிக் கவசக் கார்டைக் கவிழ்த்திருந்தால், அதிலும் ஒரு குறி இருக்கிறது, அது குறிப்பு அட்டையோடு பொருந்துகிறது என்று வாதிடுவார்கள். "அறிவித்த குறியே கார்டில் இருந்தால்" என்று எழுதினால் அந்த வாதம் எழாது.

கவிழ்சீட்டு

சேர்த்துவிட்டேன். 100 அறிவிப்பு சேர்ந்ததும் நான்கு குறிப்புகளையும் இங்கேயே போடுகிறேன்.